டவர் கட்டியும் தோற்பது ஏன்? ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் கட்டுவதும் உடைப்பதும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினிப் போர் விளையாட்டில், அரேபியா வரைபடத்தில், நண்பருடன் தனித்து மோதுகிறீர்கள். ஃபியூடல் ஏஜ் (டார்க், ஃபியூடல், காசில், இம்பீரியல் என்ற நான்கு காலகட்டங்களில் இரண்டாவது) தொடங்கியதும் அவர் நான்கு வில்லேஜர்களை, அதாவது வளம் சேர்த்துக் கட்டடம் கட்டும் ஆட்களை, அனுப்பி உங்கள் தங்கச் சுரங்கத்தை ஒட்டி டவர் எழுப்பினார். நீங்களும் ஊருக்குள் மூன்று டவர் கட்டினீர்கள். அப்படியும் தோற்றீர்கள். அடுத்த ஆட்டத்தில் பெரும்பாடுபட்டுக் கோட்டையே கட்டினீர்கள். அதை அவர் ஐந்து ராம் வண்டிகளை, அதாவது கட்டடத்தை முட்டி இடிக்கும் வண்டிகளை, ஓட்டி வந்து இடித்துவிட்டார். தற்காப்புக் கட்டடங்களால் பயன் உண்டா, எதிரி கட்டினால் எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் அந்த மூன்று டவர்களும் எங்கே நின்றன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒன்று ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டரை ஒட்டி, மற்ற இரண்டும் வீடுகளுக்குப் பின்னால். டவுன் சென்டருக்குள் ஆட்கள் புகுந்துகொண்டாலே அது அம்பு விடத் தொடங்கும். அது ஏற்கெனவே காக்கும் இடத்தை டவர் வைத்து மறுபடி காப்பது, குடை பிடித்தவன் தலையில் முக்காடும் போட்டுக்கொள்வது போன்றது. உங்கள் நண்பரின் டவரோ தங்கத்தின் தலைமாட்டில் நின்றது. கட்டடத்துக்குக் கால் கிடையாது; எதிரிதான் அதனிடம் வர வேண்டும். வரவேண்டிய கட்டாயமே இல்லாத இடத்தில் நிற்கும் டவர் வெறும் கற்குவியல். வந்தே தீரவேண்டிய இடத்தில், அதாவது தங்கத்தின் மேலோ மரம் வெட்டும் இடத்திலோ நிற்கும் டவர் ஒருவரைக்கூடக் கொல்லாமல் ஆட்டத்தை முடித்துவிடும். டவரின் வேலை கொல்வதன்று, வேலை செய்ய விடாமல் விரட்டுவது. கட்டும்போதும் சரி, உடைக்கும்போதும் சரி, இதை மறந்தவர்தான் கல்லை வீணாக்குகிறார்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆட்டம் தொடங்கும்போது கையில் 200 கல் இருக்கிறது. ஒரு டவருக்கு 125 கல், கூடவே கொஞ்சம் மரம். ஆக முதல் டவர் ஏறக்குறைய இலவசம். இரண்டாவதிலிருந்து கல் வெட்டியாக வேண்டும். மேம்பாடு எதுவும் செய்யாத நிலையில் ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு 20 கல் சுற்றளவில்தான் கொண்டுவருவார். மூன்று டவருக்கு 375 கல். குறையும் 175 கல்லுக்கு ஒருவர் எட்டு நிமிடத்துக்கு மேல் குனிந்து வெட்ட வேண்டும். அதே ஆளை மரத்துக்கு அனுப்பியிருந்தால் அந்நேரத்தில் வில்லாளிகளை உருவாக்கும் ஓர் ஆர்ச்சரி ரேஞ்ச் எழுந்திருக்கும், அதற்கு 175 மரம்தான். வீட்டுக்குப் பின்னால் நின்ற அந்த இரண்டு டவர்களின் உண்மையான விலை இதுதான்.

நண்பரும் சும்மா கட்டவில்லை. நான்கு பேர் வரைபடத்தின் குறுக்கே நடந்து வரும் நேரமெல்லாம் அவருக்கு உணவும் இல்லை, மரமும் இல்லை. எதிரியின் இடத்திலேயே டவர் எழுப்பித் தாக்கும் இந்த ‘டவர் ரஷ்’, கடன் வாங்கி நடத்தும் கல்யாணம். உங்கள் ஆட்கள் வேலையை விட்டு ஓடினால்தான் அந்தக் கடன் அடையும். நீங்கள் பதறாமல் வேறிடத்தில் வேலையைத் தொடர்ந்தால் வட்டி அவர் தலையில்தான் ஏறும். எனவே டவர் எழுவதைப் பார்த்ததும் ஊர்மணியை அடித்து எல்லாரையும் டவுன் சென்டருக்குள் அடைப்பது ஆகக் கெட்ட பதில். அவர் கேட்டதையே அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

உடைப்பதற்கு ஏற்ற நேரம் டவர் முடிவதற்கு முந்தைய சில நொடிகள். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தரையில் அடித்தளம் வைத்த உடனேயே அவர் கையிலிருந்து 125 கல்லும் போய்விடுகிறது. ஆனால் அடித்தளத்தின் உயிர்ப்புள்ளி, கட்டக் கட்டத்தான் ஏறும். தொடக்கத்தில் அது முட்டை ஓடு. கட்டுபவர்கள் சுத்தியலை ஓங்கிக்கொண்டு நிற்கிறார்கள், திருப்பி அடிப்பதில்லை. இந்த நேரத்தில் தங்கத்தில் வேலை செய்யும் உங்கள் ஆறேழு பேரையும் ஒரே பிடியாக அவர்கள் மேல் ஏவுங்கள். அடித்தளத்தை அடிக்க வேண்டாம், கட்டுபவர்களில் ஒருவரை மட்டும் எல்லாரும் சேர்ந்து அடியுங்கள். அவர் வீழ்ந்தால் வேகம் குறையும், ஓடினாலும் குறையும். இதற்கு முன்பே லூம் என்ற மேம்பாட்டை ஆராய்ந்திருக்க வேண்டும். 50 தங்கம் கொடுத்தால் வில்லேஜரின் உயிர் 25-இலிருந்து 40 ஆகிறது. லூம் செய்த ஆளும் செய்யாத ஆளும் கைகலந்தால் முடிவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்வரிசைக்கு ஆட்களை அனுப்புகிறவர் அநேகமாக லூம் செய்துவிட்டுத்தான் அனுப்புவார். உங்களிடம் அது இல்லையென்றால் எண்ணிக்கையில் அவரைவிடக் கூடுதலாகப் போங்கள். சாரணனாக அலையும் உங்கள் ஸ்கவுட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பதிலும் உண்டு. அவருடைய டவர் முடிவதற்குள் உங்களுடையது அதன் எதிரே முடிந்தால், அவருடைய கட்டுநர்கள் உங்கள் அம்புக்குக் கீழே நிற்பார்கள். முதலில் யார் முடிக்கிறாரோ அவருடையதுதான் அந்த மண். உங்கள் 200 கல்லில் 125 செலவிட ஆட்டம் முழுவதிலும் இதைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது. ஆனால் அவர் பாதி கட்டிவிட்ட பிறகு நீங்கள் தொடங்கினால் கல்லும் போகும், ஆளும் போவார்.

சரி, டவர் எழுந்தேவிட்டது. இனி வீரத்துக்கு வேலையில்லை, அளவுகோலுக்குத்தான் வேலை. டவரின் அம்பு 8 கட்டம் போகும். டவுன் சென்டரின் அம்பு 6 கட்டம். எனவே டவுன் சென்டரை வைத்து அந்த டவரை அடக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பிளாக்ஸ்மித்தில் ஃபிளெட்சிங் என்ற மேம்பாட்டைச் செய்தால் இரண்டுக்கும் ஒரு கட்டம் கூடும்; இடைவெளி அப்படியே இருக்கும். சாதாரண வில்லாளியின் எட்டும் தூரம் 4. ஆக ஃபியூடல் ஏஜில் டவரைத் தொலைவிலிருந்து அடிக்கத் தகுந்த படை ஏதும் உங்களிடம் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் ஓட்டை இருக்கிறது: மர்டர் ஹோல்ஸ் என்ற ஆராய்ச்சி முடியும்வரை டவரால் தன் காலடியில் நிற்பவரை அடிக்க முடியாது. அந்த ஆராய்ச்சிக்குக் காசில் ஏஜ் வர வேண்டும், யூனிவர்சிட்டி கட்ட வேண்டும். அதுவரை மென்-அட்-ஆர்ம்ஸ் எனும் வாள்வீரர்கள் நான்கைந்து பேர் ஓடிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றால், அவர்கள் இடிப்பதை உள்ளே இருப்பவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு டவர் இருந்தால் கதை வேறு. ஒன்றின் காலடியை மற்றது பார்த்துக்கொள்ளும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இரண்டாவது டவரை முதலாவதின் அருகிலேயே வைப்பது இதனால்தான்.

இடிக்க ஆள் இல்லையா? விட்டுவிடுங்கள். வரைபடத்தில் உங்கள் பக்கம் இன்னொரு தங்கம் இருக்கும். அங்கே நகருங்கள். பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வராமல் அதே சுரங்கத்துக்கு ஆட்களை இரண்டிரண்டாக அனுப்பிச் சாகக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். விடுதி அறையில் நான்கு கணினிகளை இணைத்து ஆடிய காலத்தில் அப்படி ஒரே இடத்தில் பதினொரு வில்லேஜர்களை இழந்தேன். எண்ணிச் சொன்னது நான் அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவன். வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சுவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரவேலி டார்க் ஏஜிலேயே கிடைக்கும், விலையும் மலிவு. குதிரைகள் நுழையும் வழியை அடைக்க அது போதும். வீடுகளையும் பட்டறைகளையும் வரிசையாக வைத்துச் சுவராக்குவது இன்னும் சிக்கனம், எப்படியும் அவற்றைக் கட்டத்தான் போகிறீர்கள். கல் சுவர் ஒரு கட்டத்துக்கு 5 கல். இருபது கட்டத்துக்கு 100 கல். காசில் ஏஜில் இரண்டாவது டவுன் சென்டருக்குத் தேவைப்படும் கல்லும் சரியாக அதுதான். அதனால் அரேபியா போன்ற திறந்த வரைபடத்தில் கல் சுவர் கட்டும்போது கொஞ்சம் கை நடுங்க வேண்டும். துரத்திவரும் குதிரையின் முன்னால் சட்டென்று வேலி வைக்கும் வித்தையை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். அடித்தளத்தை வில்லேஜர் ஒருமுறை தொட்டுவிட்டால் அது தடையாகிவிடும், தொடாதவரை அது கோலம்தான், யாரும் மிதித்துக்கொண்டு போகலாம். சுவருக்குள் இருப்பவர் பாதுகாப்பானவர் என்று நினைத்துவிடவும் கூடாது. உங்கள் சுவருக்கு வெளியே நின்றபடியே எதிரி டவர் கட்டுவார். 8 கட்டம் உள்ளே அம்பு வரும். அப்போது சுவர் உங்களைத்தான் வெளியே போகவிடாமல் தடுக்கும். வாசற்கதவு ஒன்றை அந்தப் பக்கம் வைத்திருந்தீர்களா?

இனி கோட்டை. 650 கல். முதலில் தந்த 200-ஐத் தொடாமல் வைத்திருந்தாலும் 450 கல் வெட்ட வேண்டும். தனி ஆள் கட்டினால் 200 நொடி. கட்டும் கணக்கு விசித்திரமானது: தனி ஆளுக்கு ஆகும் நேரத்தை மூன்றால் பெருக்கி, ஆட்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அதால் வகுக்க வேண்டும். நான்கு பேர் என்றால் 100 நொடி. பத்துப் பேர் என்றால் 50 நொடி. அதாவது ஆட்களை இரண்டரை மடங்காக்கினால் நேரம் பாதிதான் குறைகிறது. எதிரியின் கண்ணெதிரே கட்டும்போது அந்தப் பாதியும் பொன். சொந்த ஊருக்குள் கட்டும்போது பத்துப் பேரை வேலையிலிருந்து பிடுங்குவது தண்டச்செலவு.

கோட்டையின் உயிர் 4800, அம்பு போகும் தூரம் 8, மேம்பாடுகள் மூன்றும் செய்தால் 11. ஆளில்லாமல் நின்றால் ஒரு முறைக்கு 5 அம்பு. உள்ளே 20 பேர் வரை புகலாம். வில்லாளிகளும் வில்லேஜர்களும் புகுந்தால் அம்புகள் கூடும், குதிரைப்படை புகுந்தால் அம்பு கூடுவதில்லை. உங்கள் கோட்டை காலியாக நின்றது என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் ராம் வண்டியின் சூத்திரம் இருக்கிறது. ராமுக்கு அம்பு எதிர்ப்புக் கவசம் 180. இந்த ஆட்டத்தில் எந்த அடியும் ஒரு புள்ளிக்குக் கீழே போகாது. ஆகவே கோட்டையின் ஒவ்வோர் அம்பும் ராமிடம் ஒரே ஒரு புள்ளியைத்தான் பறிக்கும். ராமின் உயிர் 175. ஐந்தைந்து அம்பாக விட்டு ஒரு ராமை உடைக்கக் காலிக் கோட்டைக்கு ஒரு நிமிடமாவது ஆகும். ஐந்து ராம்கள் சேர்ந்து முட்டினால் அதற்குள் கோட்டை தரைமட்டம். காலாட்களை ராமுக்குள் ஏற்றிவிட்டால் அது இன்னும் வேகமாக வரும், இன்னும் பலமாக இடிக்கும்.

ஆனால் அதே ராம், வாளுக்கு முன்னால் கோழிக்குஞ்சு. நெருங்கி வெட்டுபவர்களுக்கு எதிராக அதற்குக் கவசமே இல்லை. நைட்கள் எனும் கனத்த குதிரைவீரர்கள் ஐந்தாறு பேர் வெளியே வந்து வெட்டியிருந்தால், ஏன், பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த வில்லேஜர்கள் பத்துப் பேர் கூடி அடித்திருந்தால்கூட, அந்த ராம்கள் பாதி வழியில் விறகாகியிருக்கும். நீங்கள் கோட்டையை நம்பிப் படையை எதிரியின் ஊருக்கு அனுப்பிவிட்டீர்கள். எதிரியை ஓரிடத்தில் சற்று நேரம் பிடித்து வைக்கத்தான் கோட்டைக்குத் தெரியும். பிடித்து வைத்ததை வெட்ட வேறு ஆள் வேண்டும். ராமின் பின்னால் ஈட்டிக்காரர்கள் வந்தால் நைட்கள் திணறுவார்கள், அப்போது கோட்டைக்குள் இருக்கும் வில்லாளிகள் ஈட்டிக்காரர்களைப் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றின் குறையை மற்றொன்று மூடும்படி நிறுத்துவதில்தான் சாமர்த்தியம்.

எதிரியின் கோட்டையை நீங்கள் உடைப்பதாக இருந்தால் காசில் ஏஜில் ராம்தான் முக்கிய வழி. கல் எறியும் வண்டியான மாங்கனல் 7 கட்டம்தான் எட்டும், கோட்டை 8. கிட்டே போகும் முன்பே அடி விழும். இம்பீரியல் ஏஜ் வந்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. 200 மரம், 200 தங்கம் கொடுத்தால் ஒரு ட்ரெபுஷே, அதாவது நெடுந்தூரம் கல் வீசும் பெரிய எறிபொறி. அதன் எட்டும் தூரம் 16. மேம்பாடு அத்தனையும் செய்த கோட்டை 11-ஐத் தாண்டாது. டியூட்டன்கள் மட்டும் கிரெனலேஷன்ஸ் என்ற தனி ஆராய்ச்சியால் இன்னும் மூன்று கட்டம் நீட்டி 14 வரை வருவார்கள். அதுவும் 16-க்குக் குறைவுதான். கோட்டை தானே எட்டி ட்ரெபுஷேவைத் தொட இந்த ஆட்டத்தில் வழியில்லை. எனவே ட்ரெபுஷேக்களை யார் காக்கிறார் என்பதே கேள்வி. விரித்து நிறுத்திய ட்ரெபுஷே நகர முடியாது. காலடிக்கு வந்தவரை அடிக்கவும் முடியாது. நான்கு குதிரைகள் சுற்றிவந்து ஓரமாகப் புகுந்தால் 400 வளம் போயிற்று. துணைக்கு ஈட்டிக்காரர் வரிசை இல்லாமல் ட்ரெபுஷேவை விரிக்காதீர்கள். தற்காப்பில் இருப்பவர் தன் கோட்டைக்குப் பின்னால் ஒரு ட்ரெபுஷேவை வைத்துக்கொண்டு, வந்த ட்ரெபுஷேவை அடிப்பதும் உண்டு. பாம்பார்டு பீரங்கியின் தூரம் 12, கோட்டையைவிட ஒரே கட்டம் அதிகம்; மவுஸ் பிடிக்கும் கை ஆடாதவர்களுக்கு உரியது. டவர்களுக்கு இன்னொரு விசித்திர எதிரியும் உண்டு: ரிடம்ப்ஷன் என்ற ஆராய்ச்சியை முடித்தபின் துறவி டவரின் அருகே போய் நின்று அதையே தன் பக்கம் மாற்றிவிடுவார். கோட்டையும் டவுன் சென்டரும் அவருக்கு மசியா.

முன்னேறிக் கட்டும் கோட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு ஆட்டத்தில் என்னை ஆகக் கசக்கிப் பிழிந்தது அதுதான். காசில் ஏஜ் தொடங்கியவுடன் என் தங்கத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த சிறு மேட்டில் ஒருவர் கோட்டையை வைத்துவிட்டார். மேட்டில் இருப்பவர் கீழே அடித்தால் சேதம் 25 சதவீதம் கூடும். நான் அடித்தளத்தைப் பார்த்தபோது அது கால்வாசி ஏறியிருந்தது. என் பன்னிரண்டு வில்லாளிகள் கட்டுநர்களை அடிக்காமல், நான் அவசரத்தில் சொடுக்கியபடி, அடித்தளத்தையே அடித்துக்கொண்டிருந்தார்கள். கல்லில் அம்பு என்ன செய்யும்? ஏழு பேர் நிதானமாகக் கட்டி முடித்தார்கள். ஒரே ஒரு தவறான சொடுக்கு. டவர் விஷயத்தில் மேலே சொன்ன விதியேதான்: கட்டுபவரை அடி, கட்டடத்தை அல்ல.

நாகரிகங்களின் தேர்வும் இதில் சேர்கிறது. பைசாண்டியர்களின் கட்டடங்களுக்கு உயிர் கூடுதல். ஸ்பானியர்களின் கட்டுநர்களுக்குக் கை வேகம். கோத்துகளுக்குக் கல் சுவரே கிடையாது. அவர்கள் மனிதச் சுவர் எழுப்பித்தான் பழக்கம். க்யூமன்கள் ஃபியூடல் ஏஜிலேயே ராம் ஓட்டி வருவார்கள். அவர்களிடம் டவரை நம்பி உட்காராதீர்கள். பாரசீகர்களுக்கு டவுன் சென்டரின் உயிர் இரட்டிப்பு. இதை வைத்து, தன் டவுன் சென்டரைத் தானே இடித்துவிட்டு எதிரியின் வாசலில் புதிதாகக் கட்டும் குறும்புக்காரர்கள் உண்டு. முதல்முறை பார்ப்பவர் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழிப்பார். 2022-இல் வந்த திராவிடர் நாகரிகத்தை நம்மில் பலர் பாசத்தில் எடுக்கிறோம். அவர்களிடம் நைட் கிடையாது, அதாவது ராமை வெட்ட ஓடும் கனத்த குதிரைப்படை கிடையாது. அந்த வேலையை உங்கள் காலாட்கள்தான் செய்ய வேண்டும். ராமுக்குப் பதிலாக அவர்களுக்குக் கவச யானை. சேதமானால் வில்லேஜர் சரிசெய்ய முடியாது, துறவிதான் குணப்படுத்த வேண்டும். ஈட்டிக்காரரைப் பார்த்தால் யானை என்பதால் வாடிவிடும். திராவிடரை எடுத்துக்கொண்டு காலிக் கோட்டையை நம்பினால் உங்கள் பழைய ஆட்டம்தான் திரும்ப நடக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அடித்தளம் முடியப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால், எதிரி இடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்; டெலீட் பொத்தானை அழுத்திவிடுங்கள். கட்டாமல் மிச்சமிருக்கும் பங்குக்கான கல் கைக்குத் திரும்பிவிடும். அவர் இடித்தால் ஒரு கல்கூடத் திரும்பாது. நண்பரோடு அடுத்து ஆடும்போது அவருடைய முதல் டவரைத் தடுக்கப் போனீர்கள், அவரோ கால்வாசி கட்டியதும் திடீரென்று அதைக் காணவில்லை என்றால், அவருக்கும் இது தெரியும் என்று அர்த்தம். அந்தக் கல்லோடு அவருடைய ஆட்கள் உங்கள் மரம் வெட்டும் இடத்தை நோக்கித்தான் நடந்துகொண்டிருப்பார்கள். ஸ்கவுட்டை அங்கே அனுப்புங்கள்.